சாலையின் இடது பக்கம்

அக்டோபர் 6, திங்கள்

பயணக் கட்டுரை எழுதப் போகிறவளுக்குப் பஸ் ஏறினால் வாந்தி வரும் என்பதை யாரிடமும் சொல்வதாக இல்லை. இங்கே மட்டும் எழுதிவிடுகிறேன். டைரியிலும் மறைத்தால் அப்புறம் எங்கேதான் உண்மை பேசுவது.

விஷயம் இதுதான். கோயமுத்தூரிலிருந்து வரும் ‘ஊர்வழி’ மாத இதழின் வாசகர் பக்கத்துக்கு, கொடுமுடி போய் வந்ததைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருந்தேன். போட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அதன் ஆசிரியர் பிரிசில்லா மேடமே போன் செய்துவிட்டார். மூன்று கட்டுரை எழுதித் தரச் சொன்னார். முதலாவது வால்பாறை, மற்ற இரண்டும் என் இஷ்டம். மூன்றும் தேறினால் தை இதழிலிருந்து மாதாமாதம் என் பெயரில் ஒரு தொடர், அதுவே வேலை, ஊர் ஊராகப் போய் எழுதலாம் என்றார். தேறாவிட்டால் என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இத்தனை வருடமாகத் தென்னைநார் மில் ஆபீஸில் பில் போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் லாரி போகாத ஊர் இல்லை. ஊர்ப் பெயர்களை எழுதி எழுதியே எனக்கு மனப்பாடம். வாந்திக்குப் பயந்து நான் உடுமலையைத் தாண்டுவதே அபூர்வம். இன்று முதலாளியிடம் போய் லீவு கேட்டேன். தை பிறந்ததும் வந்து உட்கார்ந்தால் சீட் இருக்கும், இல்லாவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் பெயர் நாச்சிமுத்து. சொந்தமாக டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார், மலைப்பாதை என்றால் நாச்சிமுத்துவைக் கூப்பிடு என்பார்கள். அப்பேர்ப்பட்டவரின் புது வேனிலேயே, கல்யாணமான புதிதில், வாந்தி எடுத்து அவர் மானத்தை வாங்கியவள் நான். சிரித்து முடித்துவிட்டு, “போய்த்தான் பாரு அம்மிணி” என்றார்.

அக்டோபர் 9, வியாழன்

யாரிடமும் சொல்லக் கூடாது என்று எழுதிய மை காயவில்லை, தெருவே எனக்கு வைத்தியம் சொல்கிறது. எல்லாம் இவர் டீக்கடையில் போய் ஒலிபரப்பியதுதான். எதிர்வீட்டு ஜோதியக்கா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே போகச் சொன்னார். பால்காரர் நியூஸ்பேப்பரை மடித்து வயிற்றில் கட்டச் சொன்னார். ஜன்னல் வழியாகப் பார்க்கவே பார்க்காதே என்று ஒருத்தி, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காதே என்று இன்னொருத்தி. கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் இனியா மட்டும், மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் தீர்ந்தது, இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்றாள். படித்த பிள்ளை. மாத்திரை வாங்கிவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

மாத்திரை நன்றாக வேலை செய்தது. வாந்தி வரவில்லை. எதுவுமே வரவில்லை, நினைவு உட்பட.

பொள்ளாச்சியில் பஸ் மாறி உட்கார்ந்தது தெரியும். ஆழியாறு அணை கொஞ்சம் தெரியும். அப்புறம் கண்டக்டர் என் தோளைத் தட்டி, வால்பாறை வந்தாச்சுங்க, இறங்குங்க என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டைத் தோள்பட்டையைத் துடைத்துக்கொண்டே இறங்கிப் போனார். என் எச்சிலாகத்தான் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டில் மரத்துப்போன நாக்கோடு டீ குடித்தேன். போகும்போது பார்க்காததைத் திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கடைசி நேரப் பயத்தில் இன்னொரு மாத்திரையையும் விழுங்கித் தொலைத்தேன். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டு தடவை தூங்கியே கடந்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்டோபர் 13, திங்கள்

வால்பாறைக் கட்டுரை எழுதி அனுப்பியாயிற்று. பனி, தேயிலை, பச்சைக் கம்பளம், குளிர் காற்று எல்லாம் போட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறது. ரேஷன் கடையில் பாமாயில் இல்லை என்று என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

பிரிசில்லா மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வால்பாறையில் இறங்கியதும் முதலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். பஸ் ஸ்டாண்ட் என்றேன். “அப்ப பஸ் ஸ்டாண்டைப் பத்தி எழுதியிருக்கலாமே. அது மட்டுந்தானே நீங்க பார்த்தது” என்றார். எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. பச்சைக் கம்பளத்தை அவர் ஆயிரம் தடவை படித்துவிட்டாராம், அதற்கு ஒரு ஆளை அனுப்ப வேண்டியதில்லையாம். மற்ற இரண்டையும் முதலில் எழுதுங்கள், வால்பாறையைக் கடைசியாகப் போய்ப் பார்த்து எழுதுங்கள், அதுவும் இப்படியே இருந்தால் விட்டுவிடலாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அழுதேன். அப்புறம் மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டேன். வாந்தி வந்தால் வரட்டும், கண்ணை மூட மாட்டேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசத்துக்குப் பாகு பதம் தப்பிவிட்டது. போதாக்குறைக்கு உதவி செய்கிறேன் என்று அடுப்படிக்கு வந்த இவர், இடது முழங்கையால் எண்ணெய்க் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். கண்ணை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கத்தினேன். எப்போதும் பதிலுக்கு ஒன்று சொல்கிற மனுஷன், இன்று பேசாமல் துணியை எடுத்துத் துடைத்தார்.

சாப்பிட்ட பிறகு அவரே ஆரம்பித்தார். பஸ் வேண்டாம், வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து வா, நான் கூட்டிப் போகிறேன் என்றார். சவாரி என்னாவது என்று கேட்டேன். ஸ்கூல் டூர் வேண்டாம் என்றுவிட்டாராம். ஐயப்ப சாமிகளின் சபரிமலைச் சவாரியையும் இந்த வருடம் வேண்டாம் என்றுவிட்டாராம். மாலை போடுகிற சீசனில்தான் வேன்காரர்களுக்கு நாலு காசு பார்க்க முடியும். அதையே விடுகிறார் என்றால் எனக்காகத்தானே. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாகு தப்பிய அதிரசத்தில் நாலைந்தை அவருக்கே எடுத்து வைத்தேன்.

அக்டோபர் 26, ஞாயிறு

இன்று நான் வாந்தி எடுக்கவில்லை.

உடுமலையிலிருந்து கேரள எல்லையான சின்னார் வரை காட்டுப் பாதையில் போய் வந்தோம். மடியில் கவர், கையில் எலுமிச்சம்பழம் என்று தயாராக ஏறினேன். அவர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். வலது பக்கத்தை அவர் பார்த்துக்கொள்வாராம். இடது பக்கம் வருவதையெல்லாம் நான் ஒன்று விடாமல் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமாம். வாயை மூடினால்தான் வாந்தி வரும், பேசிக்கொண்டே வந்தால் வராது என்பது அவர் கட்சி.

முதலில் மரம், மரம், கரண்ட் போஸ்ட், மரம் என்றேன். மரம் என்றால் ரோட்டை ஒட்டியா, தள்ளியா என்று கேட்டார். வாய்க்காலில் ஒரு ஆள் பைக் கழுவுகிறார் என்றேன். பைக் ரோட்டில் நிற்கிறதா, தண்ணீரிலா என்றார். பாலத்துச் சுவரில் ஒற்றைச் செருப்பு. யானைச் சாணி, ஆவி பறக்கிறது. செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு அம்மா நெல்லிக்காய் விற்கிறார், கடை என்று ஒன்றும் இல்லை, ஒரு சாக்குதான், குரங்கு வந்தால் அடிக்க மடியில் கவட்டை வைத்திருக்கிறார். அப்புறம், அப்புறம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓரத்தில் யாராவது நடக்கிறார்களா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு பத்திரிகை ஆசிரியர் கூட இப்படிக் கிண்ட மாட்டார்.

வளைவுகளெல்லாம் எப்போது போயின என்றே தெரியவில்லை. திரும்பி வந்து எலுமிச்சம்பழத்தை ரசம் வைத்துவிட்டேன்.

நவம்பர் 1, சனி

சின்னார்க் கட்டுரை எழுதி முடித்தேன். வேனில் அவருக்குச் சொன்னதை அப்படியே சொல்லிப் பார்த்துக்கொண்டு எழுதினேன். ஒரு இடத்தில்கூடப் பச்சைக் கம்பளம் இல்லை.

நவம்பர் 6, வியாழன்

முதல் கட்டுரை தேறிவிட்டது. “கூடவே உக்காந்து போன மாதிரி இருக்குங்க. இத்தனை நாள் எங்க இருந்தீங்க?” என்று மேடம் கேட்டார். நார் மில்லில் இருந்தேன் என்றேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அடுப்படியில் தனியாக நின்று இன்னொரு தடவை சிரித்தேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இரண்டாவது கட்டுரைக்குத் தாராபுரம் ரோடு. காற்றாலைகளைப் பார்க்கப் போனோம். இடது பக்கம் ஒரு தோட்டத்தில் மக்காச்சோளம் காய்கிறது. அதன் மேல் காற்றாலை இறக்கையின் நிழல் வந்து வந்து போகிறது. ஒவ்வொரு நிழலுக்கும் கோழிக்குஞ்சுகள் பருந்து என்று நினைத்து ஓடி ஒளிகின்றன. பெரிய கோழிகள் அசையவே இல்லை. அவற்றுக்குப் பழகிவிட்டது. இதைச் சொன்னதும் இவர் வண்டியை நிறுத்தி, இன்னொரு தரம் சொல்லு என்று கேட்டார்.

ஊர் திரும்பும்போது பெட்ரோல் பங்க் தூணில் இடித்து இடது பக்கக் கண்ணாடி உடைந்தது. இந்த வருடத்தில் இது இரண்டாவது கண்ணாடி. தூணைக் கொண்டுபோய் யார் அங்கே நட்டது என்று பங்க்காரனைத் திட்டினார். வெளிச்சம் இருக்கும்போதே வீடு சேர வேண்டும் என்று அவசரப்படுத்தியதால், கீரனூர்ப் பக்கம் நான் பார்க்க ஆசைப்பட்ட சந்தையைப் பார்க்கவில்லை. கொஞ்சம் கோபம்தான்.

நவம்பர் 19, புதன்

காற்றாலைக் கட்டுரையும் தேறியது. கோழிக்குஞ்சுகளை மேடம் அலுவலகத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினாராம். இனி வால்பாறை ஒன்றுதான் பாக்கி. டிசம்பர் இருபதுக்குள் வந்தால் தை இதழுக்குச் சரியாக இருக்கும் என்றார்.

வைக்கும் முன்னால் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார். “ஒண்ணு கவனிச்சீங்களா? ரெண்டு கட்டுரையிலயும் எல்லாமே ரோட்டுக்கு இடது பக்கமாவே இருக்கு. உங்க ஊர்ல ரோட்டுக்கு வலது பக்கமே கிடையாதா?”

நானும் சிரித்தேன்.

நவம்பர் 20, வியாழன்

இன்று எழுத ஒன்றும் இல்லை. இட்லி மாவு புளித்துவிட்டது.

நவம்பர் 21, வெள்ளி

காலையில் அவருக்குக் காபியைத் தட்டுக்கு வலது பக்கம் வைத்தேன். எடுத்துக் குடித்தார். மத்தியானம் தண்ணீர்ச் சொம்பை இடது பக்கம் வைத்தேன். சாப்பிட்டு முடிக்கும்வரை தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் முறுக்குத் தட்டை இடது பக்கம் வைத்தேன். முறுக்கு இல்லையா என்றார். வீட்டில் சாமான் வைக்கிற இடத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான். வேறு எதற்காகவும் இல்லை.

நவம்பர் 23, ஞாயிறு

திருமூர்த்திமலைக் கோயிலுக்குப் போகலாம் என்று நான்தான் கூப்பிட்டேன். தென்னந்தோப்பு ரோடு, நேர் ரோடு, வண்டி அதிகம் இல்லாத ரோடு. ஏறி உட்கார்ந்து பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச தூரத்தில், சொல்லு அம்மிணி என்றார். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். வண்டியின் வேகம் குறைந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த கை இறுகியது. நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ரோட்டைப் பார்க்கவில்லை. திரும்பியபோது இடது ஓரத்தில் ஒரு அம்மா தலையில் புல்லுக்கட்டோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். வேன் நேராக அவர் மேல் போகிறது. ஹாரன் இல்லை, பிரேக் இல்லை. ஆள், ஆள், இடது பக்கம் என்று கத்தினேன். வண்டி குலுங்கி நின்றது. அந்த அம்மா திரும்பி எங்கள் இருவரையும் ஒரு பாட்டம் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியது எனக்கு நிம்மதியாக இருந்தது, உயிரோடு திட்டினாரே.

“உங்களுக்குத் தெரியலீங்களா?”

“இல்ல.”

“எப்ப இருந்துங்க?”

“ஆடியில இருந்தே. இடது பக்கம் ஓரமாப் பொகை கட்டின மாதிரி. இப்ப வலதும் கொஞ்சம்.” ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். “அதுக்குத்தான் சவாரியெல்லாம் நிறுத்திட்டேன். மத்தவங்க புள்ளைங்கள ஏத்தீட்டு ஓட்டப்படாதுல்ல.”

“அப்ப நானுங்க?”

“நீதான் சொல்லீட்டே வர்றியே.”

எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அங்கேயே கட்டிக்கொண்டு அழவும் வேண்டும் போல் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. எதிரே ஒரு தோப்பு வீட்டில் கேட்டு வேனை அங்கே நிறுத்தச் செய்தேன். டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். 

மேடம் மெச்சிய நெல்லிக்காயும் ஒற்றைச் செருப்பும் எல்லாம், அவர் எதிலும் மோதாமல் இருக்க நான் சொன்னவை. 

நவம்பர் 25, செவ்வாய்

தோப்பில் விட்ட வேனை நேற்று ஆள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. இன்று கண் ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றிருக்கிறதாம். போன பார்வை போனதுதான், சொட்டு மருந்தை விடாமல் போட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வண்டி ஓட்டவே கூடாது என்றார். டூவீலர் என்று இவர் மெதுவாக இழுத்தார். டாக்டர் கூடாது என்று தலையாட்டியதை அவர் பார்த்தாரா தெரியவில்லை, அதுவும் கூடாதாம் என்று நான் வாயால் சொன்னேன்.

நவம்பர் 29, சனி

காலையில் நான் பல் தேய்க்கும்போது பின்னால் வந்து நின்றார். முகம் கழுவி, பேண்ட் சட்டை போட்டு, தயாராக நின்றார்.

“வால்பாறை ஒண்ணு மட்டும் போய்ட்டு வந்தர்லாம் அம்மிணி. அந்த ரோடு எனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். அப்பறம் சாவிய நீயே வெச்சுக்க. உன்ற வேலையக் கெடுத்தவன்னு நான் இருக்கப்படாது.”

பொய் எழுத மாட்டேன். யோசித்தேன். பல் தேய்த்து முடிக்கிறவரை யோசித்தேன். முன் சீட்டில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை போய் வந்தால் போதும், மூன்றாவது கட்டுரை வந்துவிடும். அவருக்கு ரோடு தெரியும், எனக்கு வாய் இருக்கிறது, எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று மனசு என்னென்னவோ சொன்னது. பஸ்ஸில் போனால் என் கதி என்ன என்பது எனக்குத் தெரியும். வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பினேன்.

“இடது பக்கம் நான் சொல்லுவனுங்க. நான் வாந்தி எடுக்கறப்ப யாருங்க சொல்லுவா?”

சட்டைப் பையிலிருந்து வேன் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார். நல்ல வேளை, இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தால் நான் போயிருப்பேன்.

மத்தியானம் மடத்துக்குளத்து டிரைவர் ஒருவரை வரவழைத்து, வேனை வாடகைக்கு ஓட்டிக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்தேன். இவரைக் கேட்கவில்லை. வேன் தெருவை விட்டுப் போகும்போது இவர் உள்ளே பாயில் படுத்துக்கொண்டார். நான் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தேன்.

டிசம்பர் 6, சனி

தனியாகப் பஸ்ஸில் கிளம்பினேன். மாத்திரை இல்லை. மலை ஏறத் தொடங்கியதும் எனக்கு நானே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், மரம், பாறை, குரங்கு என்று. வாய்க்குள் சொல்வது வயிற்றுக்குக் கேட்கவில்லை. கொண்டு போன கவர் போதாமல் கண்டக்டர் ஒரு கவர் கொடுத்தார். பாதி மலையில், அட்டகட்டி ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். டீக்கடை பெஞ்சில் வெகு நேரம் உட்கார்ந்துவிட்டுக் கீழே போகிற பஸ்ஸில் ஏறினேன்.

டிசம்பர் 8, திங்கள்

மில்லிலிருந்து ஆள் வந்து, முதலாளி கேட்கச் சொன்னார், வருகிறீர்களா இல்லையா என்றான். தை பிறக்கட்டும், சொல்கிறேன் என்றேன். கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பயம்தான், வேறென்ன.

டிசம்பர் 10, புதன்

சொட்டு மருந்து போட்டுவிட்டுக் கண்ணை மூடிப் படுக்கச் சொன்னேன். படுத்தவர், நாலு நாள் கழித்து வாயைத் திறந்தார். அட்டகட்டியில் என்ன பார்த்தாய் என்று கேட்டார். ஒன்றும் பார்க்கவில்லை, வாந்தி எடுத்தேன் என்று எரிந்து விழுந்தேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாயே, பெஞ்சுக்கு முன்னால் என்ன இருந்தது என்றார்.

ஒரு நாய். அதற்கு டீக்கடைக்காரர் தினமும் பன் போடுகிறார், ஆனால் குரங்கு வந்து பிடுங்குகிறது. அதனால் நாய் பன்னின் மேலேயே உட்கார்ந்து பசியோடு காவல் காக்கிறது, சாப்பிடத் தலை குனிந்தால் குரங்கு வந்துவிடுமே. சொல்லத் தொடங்கினேன், நிற்கவில்லை. எஸ்டேட் பெண்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழைக் கோட்டை மடிக்கிற விதம், மருந்துக் கடையே இல்லாத இடத்தில் பூக்கடை, எல்லாம் வந்தது. அவ்வளவையும் பார்த்திருக்கிறேன். யாரும் கேட்காததால் பார்த்தது எனக்கே தெரியவில்லை.

கண்ணை மூடியபடியே, “என்னயக் கூட்டீட்டுப் போ” என்றார்.

இந்த மனுஷன் அந்த மலையில் பயணியாக உட்கார்ந்ததே இல்லை. ரோடு முழுக்க அவரைத் தெரிந்த டிரைவர்கள். என்ன நாச்சிமுத்து பஸ்ல வர்றே என்று எல்லாரும் கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றேன். பொண்டாட்டி பத்திரிகையில எழுதறா, துணைக்கு வந்தேன் என்பேன் என்றார்.

டிசம்பர் 14, ஞாயிறு

வால்பாறை போய் வந்தோம். பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன்.

எனக்கு ஜன்னல், அவருக்குப் பக்கத்து இடம், அவர் மடியில் கவர். பஸ் கிளம்பியதும், சொல்லு என்றார். முதலில் அவர் காதில் மெதுவாகச் சொன்னேன். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை என்றார். அப்புறம் பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி சொல்ல வேண்டியதாகிவிட்டது. பாறையில் தண்ணீர் ஒழுகுகிற இடத்தைச் சின்ன அருவி என்றேன். பின்சீட்டு எஸ்டேட் அக்கா ஒருவர், அது அருவி இல்லைங்க, மழை நின்றால் நின்றுவிடும், அதற்குப் பெயரே கிடையாது என்று திருத்தினார். வரையாடு என்று நான் கை காட்டியது வெறும் ஆடு என்று நாலு பேர் சிரித்தார்கள். ஒரு பெரியவர் வலது பக்கத்து ஜன்னலிலிருந்து, இந்தப் பக்கமும் கொஞ்சம் பாரும்மா, அணை மொத்தமும் தெரிகிறது என்று கூப்பிட்டார். எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அணை கீழே ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. ரோட்டுக்கு வலது பக்கமும் உண்டு என்று மேடத்துக்கு எழுதலாம்.

ஒவ்வொரு வளைவிலும் இவருடைய வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. பேச்சு நின்ற உடனே வயிறு புரட்டியது. வாந்தி எடுத்தேன், நன்றாகவே எடுத்தேன். அவர் கவரைப் பிடித்துக்கொண்டார், என் முடியையும் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் துடைத்து நிமிர்வதற்குள், “என்ன போகுது வெளியில?” என்று கேட்டார். கோபம் வந்தது. ஆனால் சொன்னேன். அதற்கப்புறம் வால்பாறை வரை வாந்தி வரவில்லை.

டிசம்பர் 18, வியாழன்

அனுப்பிவிட்டேன். பன்னின் மேல் உட்கார்ந்த நாய், பெயரில்லாத அருவி, ஆடாகிப்போன வரையாடு, வாந்தி எல்லாம் இருக்கிறது. இனியா போனில், அம்மா வாந்தியை மட்டும் எடுத்துவிடு, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் படிப்பார்கள் என்று கெஞ்சினாள். படிக்கட்டும். அந்த பஸ்ஸில் நடந்ததில் அதுவும் ஒன்று.

அவர் கண்ணைப் பற்றி எழுதவில்லை. அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 23, செவ்வாய்

பதில் இல்லை. கோலமாவு சலித்து வைத்தேன்.

டிசம்பர் 27, சனி

அவருக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. கையில் மருந்து பாட்டில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

தேறிவிட்டது. தை இதழிலிருந்து என் பெயர் வருகிறது. மேடம் என்னென்னவோ சொன்னார், பாதி காதில் விழவில்லை, காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. வாந்தியை எழுதியதற்கு அவர் ஒரு தனிப் பாராட்டு வைத்திருந்தார். அப்புறம் காரியத்துக்கு வந்தார். மாதம் ஒரு ஊர், அவர்கள் சொல்கிற ஊர், போக வர டிக்கெட்டும் தங்க அறையும் ஒரு ஆளுக்கு இதழே கொடுத்துவிடும் என்றார்.

இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க மாட்டேன் என்று தோன்றியது. வேலை கைக்கு வந்த நிமிஷத்திலேயே அதைத் தட்டிவிடுகிறேனோ என்று பயமாகவும் இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

“ரெண்டு டிக்கெட் வேணுமுங்க மேடம்.”

போட்டோ எடுக்கிறவருக்கா என்றார்.

“இல்லீங்க. என்ற வூட்டுக்காரருக்கு. அவருக்குப் பார்வை கம்மியாயிருச்சுங்க. அவர் கேட்டாத்தான் எனக்குக் கண்ணு தெரியுது. தனியா அனுப்புனீங்கன்னா பஸ் ஸ்டாண்டைத்தான் எழுதுவேன்.”

சொன்ன பிறகுதான், அவர் சொல்ல வேண்டியதை நான் சொல்லிவிட்டேன் என்று உறைத்தது. அந்தப் பக்கம் மேடம் ஏதோ காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.  அவர் கண்ணை மூடியபடியே படுத்திருந்தார். காதோரம் வரை ஒழுகியது மருந்துதானா என்று எனக்குத் தெரியவில்லை, புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

பிறகு போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, மேடத்துக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

“மொதல்ல எந்த ஊருன்னு கேளு அம்மிணி.”